பார்க்கின்சன் நோயும் தூங்காத இரவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்க்கின்சன் உள்ளவர் மருத்துவரிடம் போனால் கை நடுக்கம், நடை, மாத்திரை நேரம் என்று பேசி முடிக்கவே நேரம் சரியாக இருக்கும். எழுந்து கிளம்பும்போது கூட வந்தவர்தான் மெதுவாகச் சொல்வார்: "ராத்திரி தூங்கவே மாட்டேங்கிறார் டாக்டர்." அந்த ஒரு வரிக்குப் பதிலாகப் பல நேரம் கிடைப்பது ஒரு தூக்க மாத்திரை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 'தூங்கவில்லை' என்ற ஒரே சொல்லுக்குள் ஏழெட்டு வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். ஒன்றுக்குக் கொடுத்த மருந்து இன்னொன்றைக் கிளறிவிடலாம். அதனால் கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வரும்: அவரை எழுப்பியது எது?

பார்க்கின்சன் உடல் அசைவைப் பாதிக்கும் நோய்தானே, தூக்கம் ஏன் கெடுகிறது?

அசைவு நோய் என்ற பெயர் பாதிதான் சரி. 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்தபோதே, நோய் முற்றும்போது தூக்கம் மிகவும் கெட்டுப்போவதையும், நடுக்கமே ஆளைத் திடுக்கிட எழுப்பிவிடுவதையும் குறித்து வைத்திருக்கிறார்.

ஆல்பா-சைனுக்ளின் என்ற புரதம் தவறாக மடிந்து நரம்புச் செல்களுக்குள் திரள்வது இந்த நோயின் அடிப்படைக் கோளாறு. உடல் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதைத்தான் நாம் அதிகம் கேள்விப்படுகிறோம். ஆனால் தூக்கத்தையும் விழிப்பையும் மாற்றிமாற்றி இயக்கும் செல்கள் மூளைத்தண்டிலும், மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸிலும் இருக்கின்றன, அவையும் தப்புவதில்லை. அதற்கு மேல் இரவில் மருந்தின் வேகம் இறங்கும்போது வரும் இறுக்கம், சிறுநீர், ரத்த அழுத்த ஏற்ற இறக்கம், மனச்சோர்வு, பதற்றம், சாப்பிடும் மாத்திரைகளின் விளைவு என்று ஒவ்வொன்றாக வந்து ஏறிக்கொள்ளும். வயதானால் தூக்கம் குறையும்தான். ஆனால் எல்லாவற்றையும் வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

தூங்கும்போது நடுக்கம் நின்றுவிடுமா?

ஆழ்ந்த தூக்கத்தில் பொதுவாக நின்றுவிடும். தூக்கம் மேலோட்டமாகும்போதும், புரளும்போதும், விழிக்கும்போதும் திரும்ப வரும். நடுக்கத்தால் விழித்தாரா, விழித்ததால் நடுக்கம் வந்ததா என்பதைப் பக்கத்தில் படுத்திருப்பவராலும் சொல்ல முடியாது.

அப்பா படுத்தவுடன் தூங்கிவிடுகிறார். இரண்டு மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கமே இல்லை. இது சாதாரணமா?

பார்க்கின்சனில் மிக அதிகமாகக் காணப்படும் தூக்கக் கோளாறே இதுதான். தூக்கம் வரத் தாமதமாவதைவிட, வந்த தூக்கம் துண்டு துண்டாக உடைவதுதான் பெரிய தொல்லை.

இங்கே கொஞ்சம் துப்பறிய வேண்டும். ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். படுத்த நேரம், விழித்த நேரங்கள், விழித்தவுடன் முதலில் உணர்ந்தது என்ன, கடைசி லெவோடோபா (மூளையில் டோபமினாக மாறும் முக்கிய பார்க்கின்சன் மருந்து) எத்தனை மணிக்கு, பகலில் எவ்வளவு தூங்கினார், இவ்வளவு போதும். 'விழித்தவுடன் முதலில் உணர்ந்தது' என்ற பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். சிறுநீர் முட்டியதா, உடம்பு மரக்கட்டை மாதிரி இருந்ததா, காலில் குடைச்சலா, கெட்ட கனவா, காரணமே இல்லாத பதற்றமா, வியர்வையா என்பதில்தான் சிகிச்சையின் திசையே இருக்கிறது. விழித்ததும் சிறுநீர் கழிக்கப் போனார் என்பதற்காகச் சிறுநீர்தான் எழுப்பியது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இறுக்கத்தால் விழித்த பலர், விழித்ததுதான் விழித்தோம், போய் வருவோம் என்று எழுந்து போவார்கள்.

இந்த ஒரு தாளைக் கையில் கொண்டுபோனால் மருத்துவரின் அறையில் பத்து நிமிடம் மிச்சமாகும். பார்க்கின்சன் தூக்கத்தை அளப்பதற்கென்றே 15 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலும் 2002 முதல் புழக்கத்தில் இருக்கிறது, சில மருத்துவமனைகளில் அதையும் நிரப்பச் சொல்வார்கள்.

இரவில் புரண்டு படுக்கவே முடியவில்லை. யாராவது வந்து திருப்பிவிட வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?

நல்ல உடம்புக்காரர்கள் ஓர் இரவில் பல முறை தம்மை அறியாமலே புரள்கிறார்கள். பார்க்கின்சனில் இந்தத் தன்னிச்சையான புரளல் குறைந்துவிடும். ஒரே பக்கம் படுத்து வலித்து, விழித்து, புரள முயன்று, முடியாமல் தவித்து... அதற்குள் தூக்கம் முழுக்கக் கலைந்துவிடும்.

காரணம் பெரும்பாலும் மருந்தின் நேரக் கணக்கு. கார்பிடோபா அல்லது பென்செராசைடு சேர்ந்த சாதாரண லெவோடோபா, ரத்தத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். இரவு எட்டு மணிக்குக் கடைசி மாத்திரை போட்டவருக்கு, நோய் சில வருடங்கள் ஓடிய பிறகு, நள்ளிரவு தாண்டும்போது கையிருப்பு ஒன்றும் இருக்காது. பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மருந்து தேவைப்படுகிற உடம்பை இரவில் பத்து மணி நேரம் வெறுமனே விடுகிறோம். இப்படி யோசித்துப் பார்த்தால் தூக்க மாத்திரை ஏன் இதற்கு உதவாது என்பது புரியும்.

மருத்துவர் யோசிக்கக்கூடிய வழிகள்: படுக்கும்போது மெதுவாக வெளியாகும் வகை லெவோடோபா, 24 மணி நேரம் தோலில் ஒட்டியிருக்கும் ரோட்டிகோடின் பட்டை, நீண்ட நேரம் வேலை செய்யும் ரோபினிரோல் அல்லது பிராமிபெக்சோல். கடைசி மூன்றும் டோபமின் அகோனிஸ்ட் வகை, அதாவது மூளையில் டோபமின் போலவே வேலை செய்பவை. மாயக் காட்சிகள், குழப்பம் உள்ள முதியவர்களுக்கு அந்த வகையைத் தவிர்க்கவே பார்ப்பார்கள். நடு இரவில் எழும் நேரத்தில் ஒரு சிறிய டோஸ் என்பதும் சிலருக்கு ஒத்துவரும்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. படுக்கையில் இடுப்புக்கு அடியில் வரும் இடத்தில் மட்டும் சாட்டின் போன்ற வழுவழுப்பான துணி விரிக்கலாம். கால் பக்கம் சாதாரண பருத்தி விரிப்பே இருக்கட்டும், உந்துவதற்குப் பாதத்துக்குப் பிடி வேண்டும். விரிப்பும் உடையும் இரண்டுமே வழுக்கினால் கட்டிலிலிருந்தே சரிந்துவிடுவார். கனமான போர்வை வேண்டாம், பெரிதும் குழிகிற மெத்தையும் வேண்டாம். புரள்வதைப் படிப்படியாகப் பிரித்துப் பழகச் சொல்லுங்கள்: முதலில் இரண்டு முழங்காலையும் மடக்கி, தலையைத் திரும்ப வேண்டிய பக்கம் திருப்பி, அந்தப் பக்கமாகக் கையை எட்டி வீசி, முழங்கால்களை அதே பக்கம் சாய விட வேண்டும். இடுப்பு தானாகப் பின்தொடரும். கட்டிலோரத்தில் பிடித்துக்கொள்ள ஓர் உறுதியான கைப்பிடி பொருத்தினால் இன்னும் எளிது. இதையெல்லாம் நேரில் சொல்லிக்கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒருநாள் வீட்டுக்கு வந்து அந்தக் கட்டிலையே பார்த்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை.

விடியற்காலையில் கால் விரல்கள் மடங்கி இழுத்துப் பிடிக்கின்றன. சாதாரண சுளுக்கா?

கெண்டைக்கால் பிடிப்பு யாருக்கும் வரலாம். ஆனால் விரல்கள் உள்நோக்கி மடங்கி, பாதம் உட்பக்கமாகத் திரும்பி, வலியோடு அப்படியே நின்றால் அது டிஸ்டோனியாவாக, அதாவது தசை தானாக இறுகி முறுக்கிக்கொள்ளும் கோளாறாக இருக்கலாம். மருந்து வற்றிய நேரத்தில், அதாவது காலையின் முதல் மாத்திரைக்கு முன்னால் வருவது அதன் அடையாளம். முதல் மாத்திரை வேலை செய்ததும் விட்டுவிட்டால் சந்தேகமே வேண்டாம். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் லெவோடோபா சற்று வேகமாக ஏறும். அதைப் படுக்கையருகிலேயே வைத்து, எழுவதற்கு முன் கொடுக்கும்படி சில மருத்துவர்கள் சொல்வதுண்டு.

இதற்கு நேர்மாறான ஓர் ஆச்சரியமும் இருக்கிறது. சிலர் நன்றாகத் தூங்கி எழுந்த காலையில், மாத்திரை போடும் முன்பே, வழக்கத்தைவிடச் சுலபமாக நடமாடுவார்கள். தூக்கத்தின் பலன் என்றே இதைச் சொல்வார்கள். கொஞ்ச நேரம்தான் நீடிக்கும். அதை நம்பி முதல் மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறது. தண்ணீரைக் குறைத்துவிடலாமா?

படுப்பதற்கு முந்தைய மூன்று நான்கு மணி நேரத்தில் குறைக்கலாம். நாள் முழுவதும் குறைத்தால் மலச்சிக்கல் கூடும், நிற்கும்போது ரத்த அழுத்தம் விழுவதும் மோசமாகும். மாலைக்கு மேல் காபி, டீ, மது வேண்டாம்.

பார்க்கின்சனில் சிறுநீர்ப்பை கொஞ்சம் நிறைந்ததுமே அவசரப்படுத்தத் தொடங்கும். ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கமும் சேர்ந்திருக்கலாம், அதையும் பார்த்துவிட வேண்டும். சிறுநீர்ப்பையை அமைதிப்படுத்தக் கொடுக்கும் பழைய மருந்துகளில் ஆக்சிபியூட்டினின் போன்றவை ஞாபகத்தைக் குழப்பக்கூடியவை. நோயாளிக்கு ஏற்கெனவே மறதி இருந்தால் அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மிராபெக்ரான் போல வேறு வழியில் வேலை செய்யும் மருந்தும் இருக்கிறது.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. நிற்கும்போது ரத்த அழுத்தம் விழுகிற சிலருக்கு, படுக்கும்போது அதே அழுத்தம் ஏறும். ஏறினால் சிறுநீரகம் இரவு முழுக்க நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். இவர்களுக்குக் கட்டிலின் தலைமாட்டைச் சற்று உயர்த்துவது பலன் தரும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் உறுதியான கட்டை வைத்து உயர்த்த வேண்டும். தலையணைகளை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். மாலையில் கணுக்கால் வீங்குகிறது என்றால் பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்திருக்கட்டும், தேங்கிய நீர் இரவுக்குக் காத்திருக்காமல் முன்பே வெளியேறும்.

எழும்போது கட்டிலோரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். வழியில் மங்கலாக ஒரு விளக்கு எரியட்டும், தரையில் மிதியடி எதுவும் கிடக்க வேண்டாம். கழிவறை தூரமென்றால் படுக்கையருகில் சிறுநீர்க் குடுவை வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இடுப்பெலும்பு முறிவதற்கு அது எவ்வளவோ மேல்.

தூக்கத்தில் கத்துகிறார், கையைக் காலை வீசி அடிக்கிறார். பேய் கீய் என்று பயமாக இருக்கிறது.

பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. இதற்கு ரெம் தூக்க நடத்தைக் கோளாறு என்று பெயர். 1986-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் இருவரும் சேர்ந்த குழு இதைத் தனிக் கோளாறாக விவரித்தது.

நாம் தெளிவான கனவுகளைப் பெரும்பாலும் காண்பது ரெம் என்ற தூக்க நிலையில். அந்த நேரத்தில் மூளைத்தண்டு ஒரு வேலை செய்கிறது: கண்ணையும் மூச்சுத் தசையையும் விட்டுவிட்டு, உடம்பின் மற்ற தசைகளைத் தளர்த்திப் பூட்டிவிடுகிறது. கனவில் ஓடினாலும் கால் அசையாமல் இருப்பது அந்தப் பூட்டால்தான். பார்க்கின்சனில் பூட்டும் நரம்பு மையங்கள் பழுதாகும்போது கனவு நேராகக் கைகால்களுக்கு வந்துவிடுகிறது. யாரோ துரத்துகிறார்கள், நாய் பாய்கிறது, திருடனைப் பிடிக்கிறேன் என்பது போன்ற கனவுகள்தான் அதிகம். பகலில் குரலே எழும்பாதவர் இரவில் ஓங்கிக் கத்துவார், பகலில் பொத்தான் போட முடியாத கை கனவில் வேகமாகக் குத்தும். வீட்டிலுள்ளவர்கள் 'நடிக்கிறாரோ' என்று சந்தேகப்படும் இடம் இது. நடிப்பு கிடையாது. கனவின்போது அசைவுகள் பகலைவிடச் சரளமாக இருப்பதை ஆய்வாளர்களே வீடியோவில் பதிவு செய்திருக்கிறார்கள்.

அடையாளம் காண்பது எளிது. ரெம் தூக்கம் பின்னிரவில் அதிகம், ஆகவே இதுவும் பெரும்பாலும் பின்னிரவில் வரும். கண் மூடியே இருக்கும். எழுப்பினால் சட்டென்று தெளிந்து, கனவையும் சொல்லிவிடுவார். எழுந்து வீடெல்லாம் நடக்கிறார், எழுப்பினாலும் நெடுநேரம் தெளிவில்லை என்றால் அது வேறு ஏதோ, தனியாக விசாரிக்க வேண்டும்.

முதல் சிகிச்சை மருந்துக்கு முன்னால் வரும். கட்டிலின் உயரத்தைக் குறையுங்கள், பக்கத்தில் தரையில் ஒரு மெத்தை போடுங்கள். கூர்முனை மேசை, கண்ணாடிப் பொருள், கத்தரிக்கோல் எதுவும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. பக்கத்தில் படுப்பவர் அடி வாங்கிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, கொஞ்ச நாளைக்கு வேறு கட்டிலில் படுக்கலாம். கனவு நடக்கும்போது உலுக்கி எழுப்பாதீர்கள், தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தொட்டால் உங்களைத்தான் அந்தத் திருடன் என்று நினைப்பார்.

மருந்தென்று வந்தால் மெலடோனின், குளோனசெபாம் இரண்டும் நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ளவை. மெலடோனின் பாதுகாப்பானது, ஆனால் பார்க்கின்சன் உள்ளவர்களிடம் அதன் பலன் பற்றி ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை. குளோனசெபாம் பலருக்கு வேலை செய்யும். கூடவே காலையில் தள்ளாட்டம், மறதி, விழுதல் என்று விலையும் கேட்கும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்களுக்கு அது ஆபத்து. சில மனச்சோர்வு மாத்திரைகள் இந்தக் கோளாறைக் கிளப்பிவிடுவதுண்டு, கத்தல் தொடங்கிய மாதத்தில் புதிதாக எந்த மாத்திரை சேர்ந்தது என்று பழைய சீட்டுகளைப் புரட்டிப் பாருங்கள்.

எனக்குப் பார்க்கின்சன் இல்லை, ஆனால் இதே மாதிரி கனவில் அடிக்கிறேன். எனக்கும் வருமா?

மறைக்காமல் சொல்ல வேண்டிய பதில் இது. வேறு காரணம் இல்லாமல், நடுவயதுக்கு மேல் தொடங்கும் ரெம் தூக்க நடத்தைக் கோளாறு பல பேருக்குப் பார்க்கின்சன் வகை நோய்களின் முன்னறிவிப்பு. நடுக்கம் வருவதற்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள் முன்பே கூட இது தொடங்கிவிடலாம். 2019-ல் வெளியான, 24 மையங்களில் 1280 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஆண்டுக்குச் சுமார் 6 சதவீதம் பேருக்குப் பார்க்கின்சன், லூயி உடல் மறதிநோய் போன்ற ஏதோ ஒன்று வெளிப்பட்டது. 12 ஆண்டுகளில் அது 73 சதவீதத்தைத் தாண்டியது.

அதே நேரத்தில் கனவில் கை வீசுபவர்கள் எல்லாருக்கும் இந்தக் கோளாறு இருப்பதாக அர்த்தமில்லை. மூச்சுத் தடைபட்டுத் திணறி எழுவதும், சில மாத்திரைகளின் விளைவும் பார்வைக்கு அச்சாக இப்படியே இருக்கும். தூக்க ஆய்வகத்தில் ஓர் இரவு படுத்துப் பரிசோதித்தால்தான் உறுதியாகும். அது உறுதியாகும் முன்பே சதவீதங்களைப் படித்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

படுத்தால் காலில் ஏதோ ஊர்கிற மாதிரி, குடைகிற மாதிரி இருக்கிறது. எழுந்து நடந்தால்தான் நிற்கிறது.

அமைதியற்ற கால்கள் கோளாறாக இருக்கலாம். மாலையில் கூடுவது, ஓய்வில் வருவது, அசைத்தால் அடங்குவது என்ற மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். ரத்தத்தில் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச் சத்தின் இருப்பு குறைந்தால் இது கூடும், ஃபெரிட்டின் 75-க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்ப்பது வழக்கம். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் தூக்கம் தரும் அலர்ஜி மாத்திரைகள் இதை மோசமாக்கும்.

மருந்து வற்றும் நேரத்தில் வரும் நிலைகொள்ளாமையும் ஏறக்குறைய இப்படியே தோன்றும். லெவோடோபா வேலை செய்யும் நேரத்தில் மறைகிறதா என்று பார்த்தால் பிரித்தறியலாம். அதனால்தான் அந்த நோட்டு.

பகலில் உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறார். இரவில் தூங்காததால்தானே?

சில சமயம் அதனால். பல சமயம் இல்லை. விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஓரெக்சின் செல்களும் பார்க்கின்சனில் குறைவதாக மூளை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரவு நன்றாகத் தூங்கியும் பகலில் விழுந்து விழுந்து தூங்குபவர்கள் உண்டு.

மருந்துகளில் முக்கியமாகச் சந்தேகப்பட வேண்டியவை டோபமின் அகோனிஸ்டுகள். முன்னறிவிப்பே இல்லாமல், பேசிக்கொண்டிருக்கும்போதோ சாப்பிடும்போதோ திடீரென்று தூக்கம் அடித்துப் போடலாம். பிராமிபெக்சோல், ரோபினிரோல் எடுத்த எட்டு பேர் வண்டி ஓட்டும்போதே தூங்கி விபத்தில் சிக்கியதை 1999-ல் மருத்துவர்கள் வெளியிட்ட பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. எனவே புதிதாக அகோனிஸ்ட் தொடங்கினாலோ டோஸ் கூட்டினாலோ, உடம்புக்கு எப்படி ஒத்துக்கொள்கிறது என்று தெரியும்வரை வண்டிச் சாவியைத் தொட வேண்டாம். ஒரு முறை அப்படித் தூங்கிவிட்டார் என்றால் மருத்துவரைப் பார்க்காமல் ஓட்டவே கூடாது. இதில் வீட்டார் தாட்சண்யம் பார்க்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

எப்வொர்த் அளவுகோல் என்று ஒன்று உண்டு. எட்டு சூழ்நிலைகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் பகல் தூக்கம் அளவுக்கு மீறியது. நோயாளி தனக்குத் தானே மதிப்பெண் போடும்போது குறைத்துப் போடுவது வழக்கம், கூட இருப்பவரும் தனியாகப் போட்டுப் பாருங்கள்.

தீர்வு மருந்துப் பட்டியலைச் சரிபார்ப்பதில் தொடங்கும். பகலில் ஒரே ஒரு குட்டித் தூக்கம், பிற்பகல் மூன்று மணிக்கு முன், அரை மணி நேரத்துக்குள். காலையில் வெளிச்சத்தில் நடப்பது நல்லது. 10,000 லக்ஸ் விளக்கொளியைத் தினமும் இருவேளை பார்த்தவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்ததாக 2017-ல் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. கண் நோய் இருந்தால் கண் மருத்துவரைக் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம். மோடஃபினில் போன்ற விழிப்பு மருந்துகளும் சிலருக்குத் தரப்படுகின்றன, பலன் ஆளுக்கு ஆள் மாறும்.

குறட்டையைப் பெரிதுபடுத்த வேண்டுமா?

வெறும் குறட்டையை வேண்டாம். குறட்டை நடுவில் மூச்சு நின்று, பிறகு திணறலோடு தொடங்கினால் கட்டாயம் வேண்டும். காற்றழுத்தம் தரும் சிபாப் கருவி உதவும். முகமூடியை மாட்டிக் கழற்ற நடுங்கும் கையால் முடியுமா என்பதை வாங்கும் முன்பே சோதித்துப் பாருங்கள்.

பார்க்கின்சன் மாத்திரைகளே தூக்கத்தைக் கெடுக்குமா?

கெடுக்கலாம். செலிஜிலின் உடம்பில் ஆம்ஃபெட்டமின் என்ற, தூக்கத்தை விரட்டும் ஊக்கமருந்து வகைப் பொருளாக உடைகிறது, காலையில் எடுத்துவிட வேண்டும், இரண்டாவது டோஸ் இருந்தால் மதியத்தைத் தாண்டக் கூடாது. ரசாஜிலினுக்கு அந்தத் தொல்லை இல்லை. அமான்டடின் மாலையில் எடுத்தால் தூக்கத்தை விரட்டும். லெவோடோபாவும் அகோனிஸ்டுகளும் சிலருக்குக் கண்முன் நடப்பது போன்ற கனவுகளைத் தரும்.

நேரத்தை மாற்றினாலே பாதி சரியாகிவிடும். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் இறுக்கமும் உயிருக்கே ஆபத்தான காய்ச்சலும் வரலாம். அகோனிஸ்டை ஒரேயடியாக நிறுத்தினால் பதற்றம், வலி, மனச்சோர்வு என்று வேறு ஒரு தொகுப்பு வரும். குளோனசெபாமையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சரி, ஒரு தூக்க மாத்திரை போட்டால் என்ன?

எழுப்பியது எது என்று தெரிந்த பிறகு, குறுகிய காலத்துக்கு, மருத்துவர் தேர்ந்தெடுத்தது என்றால் போடலாம். தெரியாமல் போட்டால் நடப்பது இதுதான்: புரள முடியாததால் விழித்தவர் இப்போதும் புரள மாட்டார், மயக்கத்தோடு தவிப்பார். சிறுநீருக்கு எழுபவர் தள்ளாடி விழுவார். மூச்சுத் தடைபடுபவருக்கு இன்னும் தடைபடும்.

டைஃபென்ஹைட்ரமின் கலந்த கடைத் தூக்க மாத்திரைகள் முதியவரைக் குழப்பத்தில் தள்ளும். ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் டோபமினையே தடுப்பதால் பார்க்கின்சனை மோசமாக்கும். இரவில் கலாட்டா செய்கிறார் என்று நோய் விவரம் தெரியாத ஒருவர் அவசரத்தில் அதைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது வீட்டார் பொறுப்பு. மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் அதற்குத் தரும் மாத்திரைகளில் மிர்டாசபின் போலத் தூக்கமும் தருவதைத் தேர்ந்தெடுப்பார்கள், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

இரவு முழுக்க அலமாரியைக் கலைத்து அடுக்குகிறார், ஃபோனில் எதையோ வாங்கிக்கொண்டே இருக்கிறார். இதுவும் தூக்கமின்மையா?

தூக்கமின்மை மாதிரி வேடமிட்டு வரும் வேறு விஷயம். டோபமின் அகோனிஸ்ட் எடுப்பவர்களில் சிலருக்கு ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும் உந்துதல், சூதாட்டம், கண்மண் தெரியாமல் பொருள் வாங்குதல், பாலுணர்வு மிகுதல் வரும். இரவு தனிமையில் அது வெளிப்படும். குணக்கேடு என்று சண்டை போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டு நோயாளி சொல்ல மாட்டார், கேட்டால்தான் வரும். டோஸைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

நள்ளிரவில் அறையில் யாரோ நிற்பதாகச் சொல்கிறார்.

கனவின் நீட்சியாக இருக்கலாம், மாயக் காட்சியாகவும் இருக்கலாம். 'அது எனக்கு மட்டும் தெரிகிறது, நிஜமில்லை' என்று அவருக்கே புரிந்தால் நிதானமாக அடுத்த வருகையில் சொல்லலாம். நிஜமென்று நம்பிப் பயப்பட ஆரம்பித்தாலோ, இரண்டு நாளில் திடீரென்று வந்தாலோ தாமதிக்கக் கூடாது. திடீர்க் குழப்பத்துக்குப் பின்னால் சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகச் சேர்ந்த மாத்திரை ஏதாவது ஒன்று இருக்கலாம். வாதாட வேண்டாம், விளக்கைப் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

மருந்தில்லாமல் என்னதான் வழி?

தினமும் ஒரே நேரத்தில் எழுவது. படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தைப் பிடித்துக்கொள்வது முக்கியம். தூக்கமின்மைக்கான மனப் பயிற்சிச் சிகிச்சை இவர்களுக்கும் பலன் தருகிறது. உடற்பயிற்சி வெறும் உபதேசம் கிடையாது: 16 வாரம், வாரம் மூன்று முறை, மேற்பார்வையில் எடை தூக்கும் பயிற்சி செய்தவர்களின் தூக்கம் ஆய்வக அளவிலேயே மேம்பட்டது. இரவுச் சாப்பாட்டில் புரதம் கனமாக இருந்தால் படுக்கும்போது எடுக்கும் லெவோடோபா ஏறாமல் தடுக்கும், இடைவெளி விடுங்கள்.

மூளை ஆழ்தூண்டல் அறுவைச் சிகிச்சை செய்தால் தூக்கம் சரியாகுமா?

மூளைக்குள் மெல்லிய மின்கம்பி வைத்துத் தூண்டும் இந்த அறுவைக்குப் பிறகு, இரவு இறுக்கம் குறைவதால் பலர் நன்றாகத் தூங்குகிறார்கள். கனவில் அடிப்பது அதனால் போவதில்லை. தூக்கத்துக்காக மட்டும் இந்த அறுவையை யாரும் செய்வதில்லை.

தூக்கப் பரிசோதனை எல்லாருக்கும் வேண்டுமா?

வேண்டாம். மூச்சுத் திணறல் சந்தேகம், கனவு நடத்தை உறுதி செய்ய, காரணமே புரியாத பகல் தூக்கம் ஆகியவற்றுக்குத்தான். மற்றதெல்லாம் அந்த ஒரு வார நோட்டிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அவரைப் பார்த்துக்கொள்ளும் எனக்கே தூக்கமில்லை. இதையும் டாக்டரிடம் சொல்லலாமா?

கட்டாயம் சொல்லுங்கள். இரவில் நாலு முறை எழுந்து ஒருவரைத் திருப்பிவிட்டு, கழிவறைக்குக் கூட்டிப்போய், விடிந்ததும் மாத்திரை எடுத்துக் கொடுப்பவருக்கும் அந்த இரவுதான் நடக்கிறது. வாரத்தில் இரண்டு இரவாவது இன்னொருவர் முறை எடுக்கட்டும், நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வேறு அறையில் படுங்கள். கூப்பிட ஒரு மணியோ அழைப்பு பொத்தானோ அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் போதும். நோட்டில் உங்களுக்கும் ஒரு பத்தி போட்டு, எத்தனை முறை எழுந்தீர்கள் என்று எழுதுங்கள். மருந்து மாற்றம் வேலை செய்கிறதா என்பது சில சமயம் அந்தப் பத்தியில்தான் முதலில் தெரியும்.